அடிச்ச கோச் திரும்ப வரேங்குறாரு, சம்மதிக்கலாமா?

வாலிபால்அம்மா:
என் பொண்ணுக்கு 13 வயசு, சாயங்காலம் வாலிபால் கோச்சிங் போறா. ரெண்டு வருஷம் முன்னாடி சர்வீஸ் நெட்ல பட்டுச்சுன்னு கோச் ஸ்கிப்பிங் கயித்தால கெண்டைக்கால்ல விளாசிட்டாரு. வீட்டுக்கு வந்து சாக்ஸைக் கழட்டவே மாட்டேன்னு உக்காந்திருந்தா, கழட்டிப் பாத்தா மூணு தடிப்பு. பேரன்ட்ஸ் நாலு பேர் போய் சண்டை போட்டு அவரை நிப்பாட்டுனோம். போன வாரம் அவரே வீட்டுக்கு வந்து, நானும் அடி வாங்கியே ஆடக் கத்துக்கிட்டவன், அது தப்புன்னே அப்ப தெரியலங்கன்னு கண் கலங்கிட்டாரு. கிளப்ல அடுத்த மாசமே சேக்கணும்ங்குறாங்க, அவரு இருந்தப்பதான் டீம் ஜெயிச்சுதாம். எனக்கு இரக்கமாவும் இருக்கு பயமாவும் இருக்கு.

பழையசெட்டர்:
அக்கா, நானும் அடி வாங்கி ஆடுனவதான். அடிச்சதாலதான் ஆடுனேன்னு ரொம்ப வருஷம் சொல்லிக்கிட்டிருந்தேன். ஆனா இன்னிக்கும் பின்னாடி யாராவது விசில் ஊதுனா தோள் ரெண்டும் தானா குறுகிடுது. என்கூட ஆடுன நல்ல ஸ்பைக்கர் ரெண்டு பேர் பாதியிலயே நின்னுட்டாங்க, கப் வாங்குன கதையில அவங்க பேர் வர்றதே இல்ல.

கிரவுண்ட்வாசி:
ஜப்பான் ஒசாகாவுல 2012 டிசம்பர்ல ஒரு ஸ்கூல் பாஸ்கெட்பால் கேப்டன், 17 வயசுப் பையன், கோச் அடிச்ச மறுநாள் தற்கொலை பண்ணிக்கிட்டான். அந்த கோச் மேல 2011லயே பேர் சொல்லாம ஒரு புகார் போயிருக்கு, ஆனா கோச்சுங்களை மட்டும் கூப்பிட்டு விசாரிச்சிட்டு ஒண்ணுமில்லன்னு மூடிட்டாங்க, பசங்களைக் கேக்கவே இல்ல. அதே ஸ்கூல்ல வாலிபால் கோச் ஒருத்தர் அடிச்சதுக்கு சஸ்பெண்ட் ஆகி, திரும்ப வந்து மறுபடியும் அடிச்சிருக்காரு, அதை பிரின்சிபால் மேலிடத்துக்கு சொல்லல. அதனால உங்க கோச் அழுதாரா இல்லையாங்குறதை விடுங்க, திரும்ப வந்தா யாரு பாத்துக்கிட்டே இருக்கப்போறாங்கன்னு கிளப்பைக் கேளுங்க.

கோச்சண்ணன்:
சிஸ்டர், நான் கோச்சிங் குடுக்குறவன், ஆரம்பத்துல நானும் கை நீட்டியிருக்கேன், இன்னிக்கு நெனச்சா வெக்கமா இருக்கு. மனுஷன் மாறுவான், அதை நம்புறேன். ஆனா நேரா ஹெட் கோச்சா உக்கார வைக்காதீங்க. முதல்ல இன்னொருத்தருக்குக் கீழ அசிஸ்டன்ட்டா வரட்டும், பிராக்டிஸ் நடக்குறப்ப தினம் ஒரு பேரன்ட் உக்காந்திருக்கணும், மறுபடி கை வச்சா அன்னிக்கே வெளியன்னு எழுதி கையெழுத்து வாங்கிடுங்க. அவரு அடிச்ச பிள்ளைங்க முன்னாடியும் தப்புன்னு சொல்லணும், உங்ககிட்ட மட்டும் சொன்னா பத்தாது.
இன்னொண்ணு, இதெல்லாம் அடி, திட்டு வரைக்கும்தான். பிள்ளைங்களைத் தப்பா தொட்டதா பேச்சு வந்தா செகண்ட் சான்ஸ் பேச்சுக்கே எடமில்ல. 2012 போக்சோ சட்டம் 19வது பிரிவுப்படி விஷயம் தெரிஞ்சவங்க போலீசுக்கு சொல்லியே ஆகணும், கிளப் மானம் போயிடும்னு மறைச்சா மறைச்சவங்க மேலயே கேஸ் வரும். குழந்தைங்களுக்கான உதவி எண் 1098க்கு போன் பண்ணாலும் உதவி கிடைக்கும்.

வாலிபால்அம்மா:
எல்லாருக்கும் நன்றி. பசங்களைக் கேக்கவே இல்லன்னு படிச்சதும் சுருக்குன்னு இருந்துச்சு, நானும் என் பொண்ணைக் கேக்கல. நேத்து ராத்திரி கேட்டேன். ரொம்ப நேரம் பேசல, அப்புறம் "அந்தக் கயிறு இன்னும் பந்து வைக்கிற ரூம் ஆணியிலதாம்மா தொங்குது"ன்னா. சனிக்கிழமை மீட்டிங், அதுக்குள்ள மத்த பிள்ளைங்களையும் கேட்டுட்டுப் போறேன். கயிறை இன்னிக்கே எடுக்க வைக்கிறேன்.