பனாமா கொடிக் கப்பலில் நடந்த தாக்குதலுக்கு நம் ஊர்க் காவல் நிலையத்தில் வழக்குப் பதிய முடியுமா?

தொண்டிக்காரன் (கேள்வி)

என் சித்தப்பா மகன் சரக்குக் கப்பல் ஒன்றில் ஃபிட்டராக வேலை பார்த்தவன். சென்ற ஆண்டு, அதாவது 2025 ஆகஸ்டில், எந்த நாட்டின் கடல் எல்லைக்கும் உட்படாத நடுக்கடலில், இயந்திர அறையில் எழுந்த ஒரு வாய்த்தகராறில் இருவர் அவனை ஸ்பேனரால் அடித்ததில் காறை எலும்பு முறிந்துவிட்டது. அடித்தவர்களில் ஒருவர் நம் மாநிலத்தவர், இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர், மற்றவர் வெளிநாட்டவர். கப்பல் பனாமாவில் பதிவானது. கேப்டன் கப்பல் பதிவேட்டில் “ஏணியில் வழுக்கி விழுந்தார்” என்று ஒரே வரி எழுதி முடித்துவிட்டார். அந்தப் பக்கத்தைத் தம்பி கைப்பேசியில் படமெடுத்து வைத்திருக்கிறான்.

ஊர் திரும்பியதும் காவல் நிலையத்துக்குப் போனோம். பொறுமையாகக் கேட்ட ஆய்வாளர், “கப்பல் பனாமாவுடையது, கடல் யாருடையதும் இல்லை, நான் எந்த எல்லையில் எஃப்.ஐ.ஆர். போடுவது?” என்று கேட்டுவிட்டு மனுவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் சொல்வது சரிதானா? இந்தியச் சட்டம் இந்தியாவின் கரையோடு நின்றுவிடுகிறதா?

மதுரை வழக்குரைஞர்

இருவரையும் சேர்த்து ஒரே கேள்வியாகக் கேட்டிருக்கிறீர்கள். சட்டம் இருவரையும் தனித்தனியாகத்தான் பார்க்கும்.

முதலில் நம் மாநிலத்தவர். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 1(5) பிரிவு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 4ஆம் பிரிவைப் போலவே, இந்தியக் குடிமகன் இந்தியாவுக்கு வெளியே எந்த இடத்தில் குற்றம் செய்தாலும் அவரைத் தொடர்கிறது. பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 208ஆம் பிரிவோ நடுக்கடலைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டு, அங்கே இந்தியக் குடிமகன் செய்த குற்றத்தை, அவர் இந்தியாவில் எந்த இடத்தில் காணப்படுகிறாரோ, அல்லது எங்கே அந்தக் குற்றம் பதிவு செய்யப்படுகிறதோ, அந்த இடத்திலேயே நடந்ததாகக் கொண்டு நடவடிக்கை எடுக்கலாம் என்கிறது. ‘பதிவு செய்யப்படும் இடம்’ என்பது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 188ஆம் பிரிவில் இல்லாத புதிய சேர்க்கை. உங்களுக்கு உதவக்கூடியது அதுதான். கப்பலின் கொடி எந்த நாட்டுடையது என்ற கேள்வி குடிமகன் விஷயத்தில் எழவே எழாது. எலும்பு முறிவு கொடுங்காயம் என்பதாலும், அது ஆயுதத்தால் விளைந்தது என்பதாலும் புதிய தண்டனைச் சட்டத்தின் 118(2) பிரிவு பொருந்தும். அது பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய குற்றம்.

ஆய்வாளரின் தயக்கத்துக்கு ஒரு காரணம் இருந்திருக்கலாம். அதே 208ஆம் பிரிவு, மத்திய அரசின் முன் அனுமதி இல்லாமல் இத்தகைய குற்றத்தை விசாரிக்கக் கூடாது என்கிறது. இந்த ‘விசாரணை’ என்ற சொல்தான் நம் ஊரில் எல்லாக் குழப்பத்துக்கும் மூலம். அங்கே சொல்லப்படுவது நீதிமன்ற விசாரணையே தவிர, போலீசாரின் புலன் விசாரணை அல்ல. தோட்டா வெங்கடேஸ்வரலு வழக்கில், போட்ஸ்வானாவில் நடந்ததாகச் சொல்லப்பட்ட வரதட்சணைக் கொடுமை பற்றி, 2011இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது: குற்றவியல் நடுவர் வழக்கைக் கோப்புக்கு எடுக்கும் கட்டம் வரை அனுமதி தேவையில்லை, அதற்குமேல் வழக்கு நகர வேண்டுமானால்தான் தேவை.

எனவே புகாரை எழுத்தில் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவு அஞ்சலில் அனுப்புங்கள். அங்கும் நடக்கவில்லையென்றால் புதிய நடைமுறைச் சட்டத்தின் 173(4) பிரிவின்படி குற்றவியல் நடுவரிடம் மனுச் செய்யலாம்.

நெய்தல்

வெளிநாட்டவரையும் விட வேண்டியதில்லை. 2012 பிப்ரவரி 15 அன்று கேரளக் கரைக்கு அப்பால் ‘என்ரிக்கா லெக்ஸி’ என்ற இத்தாலிய எண்ணெய்க் கப்பலில் இருந்த கடற்படை வீரர்கள் இருவர் சுட்டதில் மீனவர்கள் இருவர் இறந்தார்கள். ஒருவர் எங்கள் குமரி மாவட்டத்தவர். அந்த இத்தாலியர்களைக் கேரளப் போலீஸ் கைது செய்யவில்லையா? இறந்தவர் இந்தியர் என்றால் இந்தியச் சட்டம் பாயும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுமா?

மதுரை வழக்குரைஞர்

அந்த வழக்கு நீங்கள் சொல்வதற்குச் சான்றாகாது, ஐயா. அங்கே இந்தியாவின் பிடி, இறந்தவர்களின் குடியுரிமையை மட்டும் நம்பி நிற்கவில்லை. சம்பவம் நடந்தது கரையிலிருந்து ஏறத்தாழ 20.5 கடல் மைலில். நாட்டின் முழு ஆட்சி செல்லும் 12 கடல் மைல் ஆட்சிக் கடலுக்கு வெளியே, அதையடுத்து 24 கடல் மைல் வரை நீளும், வரம்புக்குட்பட்ட அதிகாரமே உள்ள ‘அடுத்துள்ள மண்டலத்துக்கு’ உள்ளே. அதனால்தான் 2013 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கேரள அரசுக்கு அங்கே அதிகாரமில்லை, மத்திய அரசுக்கே உண்டு என்றது. 2020இல் பன்னாட்டு நடுவர் தீர்ப்பாயமும், குண்டு புறப்பட்டது இத்தாலியக் கப்பலில், உயிர் போனது இந்தியப் படகில் என்பதால் இரு நாடுகளுக்கும் அதிகாரம் உண்டு என்று ஏற்றுக்கொண்டது. ஆனால் அவர்கள் அரசுப் பணியில் இருந்தவர்கள் என்பதால் இந்திய நீதிமன்றம் அவர்கள் மீது வழக்கு நடத்த முடியாது என்று சொல்லிவிட்டது. 10 கோடி ரூபாய் இழப்பீடு கட்டப்பட்ட பிறகு 2021 ஜூனில் வழக்கு முடித்து வைக்கப்பட்டது.

1926இல் ‘லோட்டஸ்’ என்ற பிரெஞ்சுக் கப்பல் துருக்கிக் கப்பல் மீது மோதி எட்டுத் துருக்கியர் இறந்த வழக்கும் இதே தர்க்கத்தில்தான் நின்றது. இறந்தவர்கள் தம் குடிமக்கள் என்ற வாதம் துருக்கியின் சட்டத்திலேயே இருந்தும், உலக நீதிமன்றம் அதைத் தொடாமல், விளைவு துருக்கிக் கப்பலில் நிகழ்ந்தது என்பதைப் பிடித்துக்கொண்டது. அதுவும் நீதிபதிகள் சரிபாதியாகப் பிரிந்து, தலைவரின் முடிவு வாக்கால் வந்த தீர்ப்பு.

தொண்டிக்காரரின் தம்பி விஷயத்தில் கப்பல் பனாமாவுடையது, இடம் நடுக்கடல், அடித்தவர் வெளிநாட்டவர். இந்தியாவுக்கு உரியது அடிபட்ட உடம்பு ஒன்றுதான். அது மட்டும் போதும் என்று நம் பொதுக் குற்றவியல் சட்டம் சொல்லவில்லை. 1(5) பிரிவின் மூன்றாம் உட்பிரிவு, வெளிநாட்டிலிருந்து இந்தியாவில் உள்ள கணினியைக் குறிவைக்கும் எவரையும் உள்ளே இழுக்கிறது. சென்னையிலுள்ள கணினி ஒன்றைத் தாக்கியிருந்தால் அந்த வெளிநாட்டவர் இந்தியச் சட்டத்துக்குள் வந்திருப்பார். இந்தியன் ஒருவனின் எலும்பை உடைத்ததால் வரவில்லை. இது எனக்கும் உவப்பானதாக இல்லை. அவரைப் பொறுத்தவரை பனாமாவிடமோ அவருடைய சொந்த நாட்டிடமோதான் முறையிட வேண்டும்.

தொண்டிக்காரன்

மிக்க நன்றி ஐயா. உள்ளூர்க்காரர் மீது மட்டுமாவது பதியட்டும் என்று நாளையே அஞ்சல் அனுப்புகிறோம். ஆனால் சம்பவத்தைப் பார்த்த ஆயிலர் (இயந்திர அறை ஊழியர்) வேறொரு கப்பலில் ஏறிவிட்டார். இன்னும் எட்டு மாதம் ஊருக்கு வரமாட்டார். அவர் சாட்சி இல்லாமல் வழக்கு நிற்குமா?

முன்னாள் இரண்டாம் பொறியாளர்

அதே நடைமுறைச் சட்டத்தின் 209ஆம் பிரிவைப் பாருங்கள். வெளிநாட்டில் உள்ள இந்தியத் தூதரக அதிகாரி முன் அளித்த வாக்குமூலத்தின் நகலை, மின்னணு வடிவில் இருந்தாலும், சாட்சியமாக ஏற்கலாம் என்று மத்திய அரசு பணிக்க முடியும். ஆனால் கப்பல் துறைமுகத்தில் நிற்பது சில மணி நேரம்தான். ஆயிலர் தூதரகம் போய்வர கேப்டன் விடுப்புத் தர வேண்டும். ஆகவே ஆயிலரின் கப்பல் எந்தத் தேதியில் எந்தத் துறைமுகத்தில் நிற்கும் என்பதை இப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பதிவேட்டுப் பக்கத்தைப் படமெடுத்த அந்தக் கைப்பேசியை விற்கவோ மாற்றவோ வேண்டாம். நீதிமன்றம் அந்தக் கருவியையே கேட்கக்கூடும். கப்பல் முதலில் தொட்ட துறைமுகத்தில் எடுத்த எக்ஸ்ரேயையும் பத்திரப்படுத்துங்கள். ஏணியிலிருந்து விழுந்த முறிவா, ஸ்பேனர் பட்ட முறிவா என்பதை மருத்துவர் சொல்லட்டும்.