லைசென்ஸ் எண் இல்லாத சர்க்கரைச் சூரணம்: யாரிடம் புகார் கொடுப்பது?

வணக்கம். நாங்கள் பண்ணைக்காடு பக்கம். அம்மாவுக்குப் பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. போன மாதம் கொடைக்கானல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போனவர், வேனில் வைத்து விற்றவரிடம் ஒரு டப்பா சூரணம் வாங்கி வந்திருக்கிறார். 'மூலிகைதானே, என்ன செய்துவிடும்' என்று மெட்ஃபார்மினையும் நிறுத்திவிட்டார், எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல். தலைசுற்றல் வந்து ரத்தம் பார்த்தபோது சர்க்கரை 340. இப்போது பழைய மாத்திரைக்குத் திரும்பிவிட்டார், பரவாயில்லை.

சித்த மருத்துவத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. நிலவேம்பும் ஆடாதோடையும் குடித்து வளர்ந்த வீடுதான். ஆனால் 1940ஆம் ஆண்டு மருந்துச் சட்டப்படி, விற்பனைக்கு வரும் சித்த மருந்துக்கும் தயாரிப்பு உரிமம் வேண்டும். உரிம எண், தொகுதி எண், சேர்மானங்கள் எல்லாம் லேபிளில் இருக்க வேண்டும். இந்த டப்பாவில் ஒரு சாமி படமும் செல் நம்பரும்தான். அந்த நம்பரும் ஸ்விட்ச் ஆஃப். கூடவே '90 நாளில் சர்க்கரை வேரோடு போகும்' என்று ஒரு நோட்டீஸ். சர்க்கரையைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதையே 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

புகாரை மாவட்ட சித்த மருத்துவ அலுவலரிடம் கொடுப்பதா, மருந்து ஆய்வாளரிடமா? திண்டுக்கல் வரை இறங்கித்தான் ஆகவேண்டுமா, தபால் போதுமா? மிச்சமிருக்கும் பொடியில் அலோபதி மாத்திரையோ உலோகமோ கலந்திருக்கிறதா என்று தனியாள் கொடுத்துப் பரிசோதிக்க முடியுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். டப்பாவைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.