பழைய லேப்டாப்பில் லினக்ஸ்: எந்த டிஸ்ட்ரோ என்பது கடைசிக் கேள்வி

"பழைய கம்ப்யூட்டருக்கு எந்த லினக்ஸ் நல்லது?" என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், டிஸ்ட்ரோக்களின் (லினக்ஸ் தொகுப்பு வகைகளின்) பெயர்கள் வந்து குவியும். லுபுண்டு என்பார் ஒருவர், பப்பி என்பார் இன்னொருவர், ஆன்டிஎக்ஸை விட்டால் வேறு கிடையாது என்று அடித்துச் சொல்லவும் ஒருவர் இருப்பார். என் கைக்கு வந்துபோன மெஷின்களை வைத்துச் சொல்கிறேன், டிஸ்ட்ரோவை மாற்றியதால் மட்டும் பிழைத்தது என்று ஒன்றுகூட நினைவில் இல்லை. பிழைத்ததெல்லாம் டிஸ்கை மாற்றியதாலோ, ரேம் கூட்டியதாலோ, விசிறியில் அடைந்திருந்த தூசியை எடுத்ததாலோ பிழைத்தவை.

ஒரு கோர் 2 டூயோ லேப்டாப், 2008 வாக்கில் வந்த மாடல். விண்டோஸ் ஆமையாக நகர்கிறது, லினக்ஸ் போட்டுக் கொடு என்று நண்பர் கொடுத்தார். லைவ் பென்டிரைவில் பூட் செய்தால் நன்றாகவே ஓடுகிறது, ஹார்ட் டிஸ்கில் இன்ஸ்டால் செய்தால் அதே ஆமைதான். இந்த வித்தியாசமே பாதி பதிலைச் சொல்லிவிடும். டிஸ்கின் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையை ஓட்டிப் பார்த்தால் படிக்க முடியாமல் காத்துக்கிடக்கும் செக்டர்கள் (டிஸ்கின் சிறு பகுதிகள்) ஏகப்பட்டது. அந்த டிஸ்கைக் கழற்றிவிட்டு, இருப்பதிலேயே சின்ன சாட்டா எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டேன். அந்தக் காலத்து சாட்டா போர்ட் வேகம் குறைவு, எஸ்எஸ்டியின் முழு வேகம் வராது என்று சிலர் சொல்வார்கள், உண்மைதான், ஆனால் பழைய டிஸ்கின் நிஜமான தலைவலி ஊசி அங்கும் இங்கும் ஓடித் தேடும் நேரம், அது எஸ்எஸ்டியில் கிடையவே கிடையாது. டெபியன் டிஸ்ட்ரோவும் எக்ஸ்எஃப்சிஇ என்ற லேசான டெஸ்க்டாப்பும் போட்டேன். அப்புறம் விசிறி கத்த ஆரம்பித்தது. திறந்தால், பிராசஸரின் சூட்டை வெளியே கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொடியாக உதிர்கிறது. சூடு ஏறினால் பிராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதைப் பார்த்துவிட்டு "லினக்ஸும் மெதுவாத்தான் இருக்கு" என்று முடிவுகட்டியவர்கள் நிறையப் பேர்.

ரேம் விஷயத்தில் ஒன்று. இன்டெல் 945 சிப்செட் உள்ள லேப்டாப் என்றால் 4 ஜிபி போட்டாலும் 3 ஜிபிக்குக் கொஞ்சம் மேலேதான் காட்டும். 64-பிட் கெர்னல் (லினக்ஸின் மையப்பகுதி) போட்டும் பயனில்லை, சிப்செட்டின் எல்லையே அவ்வளவுதான். அங்கே ஜிராம் கைகொடுக்கும். ரேமுக்குள்ளேயே ஒரு பகுதியைச் சுருக்கி ஸ்வாப்பாக (ரேம் போதாதபோது உதவும் இடமாக) வைத்துக்கொள்கிற ஏற்பாடு அது. 2 ஜிபி மெஷினில் இது இருப்பதற்கும் இல்லாததற்கும் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

இன்னொருவர் கொண்டுவந்த மெஷினில் புகார் வேறு மாதிரி. வைஃபை இணைந்திருக்கிறது, பிங் போகிறது, ஆனால் எந்தத் தளத்தைத் திறந்தாலும் பாதுகாப்பு எச்சரிக்கை. லினக்ஸ் சரியில்லை என்று அவர் ஏற்கெனவே தீர்ப்பு எழுதிவிட்டார். கடிகாரத்தைப் பார்த்தால் பல வருடம் பின்னால் நிற்கிறது. மதர்போர்டில் இருக்கும் காயின் பேட்டரி செத்துவிட்டால் ஒவ்வொரு முறை மின்சாரம் போய் வரும்போதும் தேதி பழையபடி ஆரம்பத்துக்குப் போய்விடும், தளங்களின் இன்றைய பாதுகாப்புச் சான்றிதழ்கள் எல்லாம் அந்தத் தேதிக்கு இன்னும் பிறக்கவே இல்லை, பிரவுசர் எப்படி நம்பும்? நேரத்தை இணையத்திலிருந்து சரிசெய்யும் சேவையும் அதில் அணைந்து கிடந்தது. சிஆர்2032 பேட்டரி ஒன்று மாற்றி நேரத்தைச் சரிசெய்ததும் எல்லாம் சரி.

32-பிட் மெஷின் வைத்திருப்பவர்களுக்குத்தான் நிஜமாகவே டிஸ்ட்ரோ கேள்வி பெரிய கேள்வி. உபுண்டு 17.10லேயே 32-பிட் டெஸ்க்டாப் ஐஎஸ்ஓவை (இன்ஸ்டால் செய்வதற்கான கோப்பை) நிறுத்திவிட்டது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13ல் 32-பிட் பிசிக்கான இன்ஸ்டாலரும் கெர்னலும் இல்லை. ஆரம்பகால பென்டியம் எம் பிராசஸர் சிலவற்றில் பிஏஇ (அதிக ரேமைக் கையாளும் வசதி, 32-பிட் கெர்னல்கள் பலவும் இதைக் கேட்கும்) உள்ளே இருக்கும், ஆனால் இருப்பதாகச் சொல்லிக்கொள்ளாது. பூட் வரியில் ஃபோர்ஸ்பிஏஇ என்று சேர்த்தால் கெர்னல் வேலை செய்யும். அத்லான் எக்ஸ்பி பிராசஸர் என்றால் அதுவும் உதவாது, எஸ்எஸ்இ2 என்ற கட்டளைத் தொகுதி இல்லாததால் புதிய பயர்பாக்ஸ் ஓடாது. இதற்கு நேர்மாறாக ஒரு வேடிக்கை: 2018ல் உலகமே மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற பிராசஸர் பாதுகாப்புக் குறைகளைக் கண்டு பதறியபோது, 2008ல் வந்த நெட்புக்கின் ஆட்டம் என்270 பாதிக்கப்படாமல் உட்கார்ந்திருந்தது. கட்டளைகளை முன்கூட்டியே ஊகித்து ஓட்டும் அளவுக்கு அதற்குச் சாமர்த்தியம் இல்லை, அதனால் தப்பித்தது.

சரி, பிரவுசர். எல்லாக் கணக்கையும் கவிழ்ப்பது இதுதான். லேசான டெஸ்க்டாப் என்று தேடித்தேடி சில நூறு எம்பி மிச்சம் பிடிப்போம், கனமான தளம் ஒன்றைத் திறந்தால் ஒரே டேபில் அது போய்விடும். நான் அந்த லேப்டாப்புகளில் முதல் வேலையாக விளம்பரத் தடுப்பான் போடுவேன், அழகுக்காக அல்ல, சிபியுவுக்காக. யூட்யூப் பழைய சிப்புகளுக்குச் சுமையான விபி9, ஏவி1 வீடியோ வடிவங்களை அனுப்புகிறது, எச்.264 மட்டும் கேட்கும்படி செய்யும் ஒரு எக்ஸ்டென்ஷன் உண்டு, போட்டுக்கொள்ளுங்கள். அதைவிட, வீடியோவைப் பிரவுசருக்கு வெளியே எம்பிவி பிளேயரில் 480பியில் ஓட்டினால் இன்னும் நிம்மதி.

பிராட்காம் வைஃபை பற்றிச் சொல்லாமல் விட்டால் யாராவது திட்டுவீர்கள். அந்தச் சிப்பை இயக்கத் தேவையான பி43 ஃபர்ம்வேரை (சிப்புக்குள் ஏற்றும் மென்பொருளை) டெபியன் தன் ஐஎஸ்ஓவில் வைத்துக் கொடுக்க உரிமம் இடம்தரவில்லை, இணையத்திலிருந்து இறக்க வேண்டும், இணையம் வரவோ அந்த ஃபர்ம்வேர் வேண்டும். போனை யுஎஸ்பி கேபிளில் செருகி டெதரிங் (போனின் இணையத்தைப் பகிரும் வசதி) போடுங்கள், பெரும்பாலும் உடனே பிடித்துக்கொள்ளும்.

பென்டியம் 4 டெஸ்க்டாப்பை வீட்டு சர்வராக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: ஆக்கலாம், ஓடும், ஆனால் பிரெஸ்காட் வகை என்றால் அது இழுக்கும் மின்சாரத்துக்கும் கக்கும் சூட்டுக்கும் சிறிய ராஸ்பெர்ரி பை எவ்வளவோ மேல். என்னிடம் இருந்ததைத் திறந்தபோது கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருந்தது, அந்தக் காலத்து போர்டுகளில் இது ஒரு தொற்றுநோய் மாதிரி. பவர் சப்ளையும் கேபிள்களும் மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டேன்.

தீராத கேஸ் ஒன்று இன்னும் மேஜை மேல் இருக்கிறது. ஜிஎம்ஏ 500 கிராஃபிக்ஸ் உள்ள நெட்புக். பெயர்தான் இன்டெல், உள்ளே இருப்பது வேறு நிறுவனத்தின் பவர்விஆர் வடிவமைப்பு. கெர்னலில் உள்ள டிரைவர் திரையைச் சரியான அளவில் காட்டும், 3டி முடுக்கம் கிடையாது. எக்ஸ் (ஜன்னல்களைக் காட்டும் வரைகலை அமைப்பு) இல்லாமல் வெறும் டெர்மினலில் விம் எடிட்டர் வைத்துக் குறிப்பெழுத ஓடிக்கொண்டிருக்கிறது. இதே சிப்பில் யாராவது வீடியோ ஓடவைத்திருந்தால் எந்தக் கெர்னல், எந்த டிரைவர் என்று சொல்லுங்கள்.