கடைசி ஒரு கிலோமீட்டருக்கு மட்டும் தெம்பு எங்கிருந்து வருகிறது?

யானைமலையான்:
ஓடுகிறவர்களிடம் ஒரு சந்தேகம். ஞாயிறு விடிகாலையில் மதுரை தல்லாகுளத்திலிருந்து அழகர்கோவில் சாலையில் போய்த் திரும்புவேன், மொத்தம் 20 கிலோமீட்டர் போல. பதினைந்தைத் தாண்டியதும் கால் கனத்துவிடும். அடுத்த டீக்கடையில் உட்கார்ந்துவிடலாமா என்று மனசு கெஞ்சும். ஆனால் தமுக்கம் நெருங்கியதும் கடைசி ஒரு கிலோமீட்டரை எல்லாவற்றையும்விட வேகமாக ஓடுகிறேன். அவ்வளவு நேரம் அந்தத் தெம்பு எங்கே இருந்தது?

இன்னொன்று. நான் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். ஜிஎஸ்டி கட்டும் 20ஆம் தேதியை ஒட்டிய வாரத்தில் நாற்காலியை விட்டு எழுவதே இல்லை. காலுக்கு நல்ல ஓய்வுதான் கிடைக்கிறது, ஆனாலும் அந்த வாரம் ஓடவே முடிவதில்லை. ஏன்?

ரேஸ்கோர்ஸ் அண்ணன்:
தம்பி, உன் முதல் கேள்வியைத்தான் தென்னாப்பிரிக்காவின் விளையாட்டு விஞ்ஞானி டிம் நோக்ஸும் கேட்டார். தசை நிஜமாகவே தீர்ந்துபோயிருந்தால் கடைசியில் பாய்ச்சல் வரக்கூடாதே! உடம்பு கெட்டுப்போகும் முன்பே மூளை கடிவாளத்தை இழுக்கிறது, முடிவு கண்ணுக்குத் தெரிந்ததும் தளர்த்துகிறது என்பது அவர் கட்சி. எல்லோரும் இதை ஏற்கவில்லை. சாமுவேலே மார்க்கோரா என்ற ஆய்வாளர், தனியாக ஒரு கடிவாளமும் தேவையில்லை, 'எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது' என்ற உணர்வும் 'இதற்கு மேல் படலாமா' என்ற மனசும் போதும் என்கிறார். எனக்கு இவர் சொல்வதுதான் சரியாகப் படுகிறது.

உன் இரண்டாவது கேள்விக்கும் அவரிடமே பதில் இருக்கிறது. 2009இல் வெளியான ஆய்வு. 16 பேரை 90 நிமிடம் கம்ப்யூட்டர் முன்னால் மண்டை காயும் வேலை செய்யவிட்டு, அப்புறம் இனி முடியாது என்கிறவரை சைக்கிள் மிதிக்கவிட்டார்கள். இன்னொரு நாள் அதே ஆட்களுக்கு வேலைக்குப் பதில் டாக்குமெண்டரிப் படம். படம் பார்த்த நாளில் சராசரியாக 754 விநாடி தாங்கினார்கள், மண்டை காய்ந்த நாளில் 640தான். இதயத்துடிப்பு, கடும் உழைப்பில் ரத்தத்தில் கூடும் லாக்டேட் இரண்டிலும் இதற்குக் காரணம் கிடைக்கவில்லை. அதே மிதி அன்றைக்குக் கூடுதல் பாரமாகத் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான். உன் ஆபீஸ் கதையும் இதுதானே? அந்த வாரம் சாயங்காலம் ஓடாதே. கணக்கைத் தொடும் முன் காலையிலேயே முடித்துவிடு, வாட்சையும் வீட்டிலேயே வைத்துவிட்டு வா.

தெப்பக்குளம் அக்கா:
மாரியம்மன் தெப்பக்குளத்தைச் சுற்றி ஓடுகிறவள் நான். ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல் வரும். எத்தனை சுற்று பாக்கி என்று எண்ணினால் அங்கேயே கால் செத்துவிடும். அதனால் 'அந்த மூலை வரைக்கும், அப்புறம் பார்க்கலாம்' என்று வாய்விட்டே சொல்லிக்கொள்வேன். நடைப்பயிற்சிக்கு வரும் பெரியவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள், பார்க்கட்டும். 2014இல் வந்த ஒரு சைக்கிள் ஆய்வில், இப்படித் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளப் பழகியவர்கள் முன்னைவிட 18 சதவீதம் அதிக நேரம் தாங்கினார்கள். வாக்கியத்தை நீங்களே பிடியுங்கள், இரவல் வேண்டாம்.

கரும்புச்சாறு:
மாவுச்சத்து கரைத்த தண்ணீரைக் குடிக்காமல் வாயில் கொப்பளித்துத் துப்பினாலே ஒரு மணி நேர சைக்கிள் ஓட்டத்தில் சுமார் 3 சதவீதம் நேரம் மிச்சமானது என்றும் ஓர் ஆய்வு இருக்கிறது, 2004இல் வந்தது. வயிற்றுக்குள் ஒன்றும் போகவில்லை, வாயில் பட்டதே மூளைக்குப் போதுமாம். நம்மால் துப்ப முடியுமா என்பது வேறு விஷயம்.

ரேஸ்கோர்ஸ் அண்ணன்:
இதையெல்லாம் படித்துவிட்டு அக்னி நட்சத்திரத்தில் மனசை வைத்து வெயிலை ஜெயிக்கிறேன் என்று யாரும் கிளம்பாதீர்கள். தலை சுற்றுகிறது, குளிர் நடுக்கம் வருகிறது, பேச்சு குழறுகிறது என்றால் அது மனசு கெஞ்சுவது இல்லை. உடனே நின்று, நிழலுக்குப் போய், தலையிலும் உடம்பிலும் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். பேச்சு குழறினால் 108ஐக் கூப்பிடுங்கள்.

யானைமலையான்:
நன்றி அண்ணே, நன்றி அக்கா. இந்த 20ஆம் தேதி வாரம் காலையில் ரேஸ்கோர்ஸ் பக்கம் வந்துபார்க்கிறேன். நீங்கள் எத்தனை மணிக்கு இருப்பீர்கள்?

ரேஸ்கோர்ஸ் அண்ணன்:
அஞ்சரைக்கு. வாட்ச் கட்டிக்கொண்டு வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்.