கொங்கிறீட் போட்ட பிறகு பார்த்து என்ன பயன்?

நல்லூர்_வளவு:
அக்கா வீட்டுக்குக் குடிபூரல் நடந்து ஆறு வருடந்தான். விறாந்தைச் சிலாப்பின் அடிப்பூச்சு கழன்று விழுந்துவிட்டது. கதிரையில் ஏறிப் பார்த்தேன். பூச்சுக்குப் பின்னால் நேரே கம்பி. விரல் பட்டால் செதில் செதிலாக உரிகிறது. கம்பியை உயர்த்தி வைக்கும் சீமெந்துக் கட்டைகளை யாரும் வைக்கவில்லை. 1950இல் யப்பானியப் பொறியியலாளர்களுக்குப் பாடம் நடத்திய எட்வர்ட்ஸ் டெமிங், முடிந்த பொருளைச் சோதிப்பதால் தரம் வராது, செய்யும் முறையிலேயே இருக்க வேண்டும் என்றார். தொழிற்சாலையில் பழுதானதைக் கழித்துவிடலாம். சிலாப்பைக் கழிக்க முடியுமா? மூடப்படும் ஒவ்வொரு வேலையையும் மூடுமுன் ஒருவர் பார்த்து ஒப்பமிட வேண்டும். அதன் பிறகே கொங்கிறீட் குழைக்க வேண்டும்.

கோண்டாவில்_மேசன்:
தம்பி, 31 வருடமாகச் சாந்தகப்பை பிடிக்கிறேன். தொழிற்சாலையில் ஒரே பொருளை ஆயிரம் தடவை செய்கிறார்கள். இங்கே ஒரு வளவில் இரண்டடி தோண்டினால் சுண்ணாம்புக்கல், பக்கத்தில் செம்மண். படிவம் நிரப்பினால் வீடு நிற்குமா? சதுர அடிக்கு ஆகக் குறைவாகக் கேட்டவனுக்கே வேலையைக் கொடுக்கிறீர்கள். நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், அதற்குள் முடி என்கிறீர்கள். அவனும் கொங்கிறீட் பலப்படத் தண்ணீர் விடுவதை மூன்றாம் நாளே நிறுத்திவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறான்.

நல்லூர்_வளவு:
விலையை மட்டும் பார்த்து வேலை கொடுக்காதே என்று டெமிங்கும் சொன்னார். நாங்களும் அந்தப் பிழையைத்தான் செய்தோம். ஆனால் வளவு வேறானால் சீமெந்தும் வேறா? 50 கிலோ மூட்டைக்குச் சுமார் 25 லீற்றர் தண்ணீர், மணலின் ஈரத்தையும் சேர்த்து. கோண்டாவிலிலும் அதே, கொடிகாமத்திலும் அதே. தண்ணீர் கூடினால் கொங்கிறீட்டின் பலம் குறையும். நீங்கள் வாளியால் அளக்கிறீர்களா, குழாயைப் பிடிக்கிறீர்களா?

வேலணை_மகள்:
எங்கள் கிணறு உவர். அந்தத் தண்ணீரிலேயே குழைத்தார்கள், மணலும் கழுவாத கடல் மணல். உப்பு கம்பியைத் தின்றுவிடும் என்று அன்று எனக்குச் சொல்ல ஆளில்லை. ஒப்பமிடுவது யார் என்று முதலில் சொல்லுங்கள். கட்டுபவரும் பார்ப்பவரும் ஒருவரே என்றால் அந்தக் கையெழுத்துக்கு என்ன பெறுமதி?

கோண்டாவில்_மேசன்:
குழாயைப் பிடித்ததுண்டு, மறைக்க மாட்டேன். கலவை இறுகினால் சுமக்கிற பிள்ளைகள் தண்ணீர் விடச் சொல்லிக் கேட்பார்கள். தாளில் எனக்கு இன்னும் நம்பிக்கை இல்லை. கம்பி கட்டி முடிந்ததும் ஒருநாள் வேலையை நிறுத்தி, வெளியாள் ஒருவருக்குக் காட்டத் தயார். அந்த நாள் கூலியை யார் தருவது?

நல்லூர்_வளவு:
வீட்டுக்காரர்தான் தர வேண்டும். கம்பி பார்க்கும் நாளுக்குக் கூலி, ஏழு நாள் தண்ணீர் விட ஓர் ஆள்: இரண்டையும் ஒப்பந்தத்தில் எழுதலாம். அக்கா வீட்டு விறாந்தையை நீங்களே வந்து செய்வீர்களா, ஐயா?

கோண்டாவில்_மேசன்:
எங்கெங்கே உள்ளே கழன்றிருக்கிறது என்று அறிய, முதலில் சிலாப் முழுவதையும் தட்டிச் சத்தம் கேட்க வேண்டும். ஞாயிறு காலை வருகிறேன். அக்காவையும் நிற்கச் சொல்லுங்கள்.