பத்து நாள் பேசாமல் உட்கார்ந்தவர்கள், உங்கள் கதையையும் சொல்லுங்கள்

முதலில் நானே ஆரம்பிக்கிறேன். சென்னைக்குப் பக்கத்தில் திருமுடிவாக்கத்தில் பத்து நாள் விபாசனா தியான வகுப்புக்குப் போயிருந்தேன், எஸ்.என். கோயங்கா என்ற ஆசிரியர் சொல்லிக்கொடுத்த முறை. அவர் 2013இல் மறைந்துவிட்டார், இன்றைக்கும் பதிவு செய்த அவர் குரல்தான் பாடம் நடத்துகிறது. காலை 4 மணிக்கு மணி அடிப்பார்கள், 4.30க்கு உட்கார வேண்டும், போனை வாங்கி வைத்துவிடுவார்கள், பேச்சு கிடையாது, ஜாடைகூடக் கூடாது, 11 மணிச் சாப்பாட்டுக்கு அப்புறம் புதியவர்களுக்கு 5 மணிக்குப் பழமும் டீயும், அதோடு சரி. பசியைக்கூடச் சமாளித்துவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரின் தொண்டையைத்தான் முடியவில்லை.

முதல் மூன்று நாள் மூச்சை மட்டும் பார்க்கச் சொல்வார்கள். மூக்குக்குக் கீழே, மீசை முளைக்கிற இடத்தில் காற்று படுகிறதா என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். நான் மூச்சைப் பிடிப்பதற்குள் அவர் "க்ர்ம்" என்பார். போச்சு. மனசுக்குள்ளேயே அவரை எழுப்பி வெளியே அனுப்பி, வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பி வருவேன். மூன்றாம் நாள் மதியம் ரொம்ப நேரமாக அவரிடமிருந்து சத்தமே இல்லை. அப்போதுதான் கவனித்தேன், என் தாடை இறுகிப்போய் பல்லோடு பல் உரசிக்கொண்டிருந்தது. அவர் ஒன்றுமே செய்யவில்லை, நான்தான் அடுத்த "க்ர்ம்"முக்குக் காத்துக்கொண்டிருந்தேன்!

பத்தாம் நாள், எல்லாரும் நன்றாக இருக்கட்டும் என்று நினைக்கிற மைத்ரி தியானம் முடிந்து, பேசலாம் என்றதும் அவரே நேராக என்னிடம் வந்தார். "சார், நீங்க விரல்ல நெட்டி முறிக்கிறீங்களே, தெரியுமா? பத்து நாளா உங்களைத் திட்டிக்கிட்டே இருந்தேன், மன்னிச்சிடுங்க" என்றார். எனக்கு அந்தப் பழக்கம் இருப்பதே அன்றைக்குத்தான் தெரியும்.

---

அண்ணா, சிரித்துவிட்டேன். ஆனால் பத்து நாள் விட்டுப் போக எல்லாராலும் முடியாது. என் அம்மாவுக்கு மறதி நோய், "பால் வாங்கியாச்சா?" என்று காலையிலிருந்து எத்தனை தடவை கேட்பார் என்று கணக்கே இல்லை. முன்பெல்லாம் "வாங்கியாச்சு, வாங்கியாச்சு" என்று பாத்திரம் கழுவியபடியே கத்துவேன். இப்போது குழாயை மூடிவிட்டு, கால் தரையில் பதிந்திருக்கிறதா என்று ஒரு நொடி பார்த்துவிட்டு, அப்புறம் திரும்பி முகத்தைப் பார்த்துப் பதில் சொல்கிறேன். நான் செய்வது அவ்வளவுதான், இதைத் தியானம் என்று சொல்லலாமா தெரியவில்லை. அப்படிப் பார்த்த ஒரு நாள்தான் அவர் முகத்தில் இருந்த பயம் தெரிந்தது. எங்கள் சின்ன வயதில் விடியற்காலையில் கார்டை எடுத்துக்கொண்டு பால் பூத் வரிசையில் நின்றவர் அவர், தாமதமானால் பால் தீர்ந்துவிடும். இப்போதும் அந்த வரிசையில்தான் நிற்கிறார் போல.

தினமும் இது நடப்பதில்லை, நேற்றுகூடக் கத்திவிட்டேன். அப்புறம் பால் பாக்கெட்டை எடுத்துக் கையில் கொடுத்தேன். தொட்டுப் பார்த்து, "சில்லுனு இருக்கு" என்றார்.