மூக்கிற்குள் பட்டாணி: ஃபின்னிய மரபுத்தொடர் ஒன்றைப் பழகிய அனுபவங்கள்

ஃபின்லாந்தின் தம்பெரே நகரிலிருந்து ஓர் உறுப்பினர்:

ஒருவர் சிறிய விஷயத்திற்காக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால், அவர் பட்டாணியை மூக்கிற்குள் இழுத்துக்கொண்டார் என்று ஃபின்லாந்தில் சொல்வார்கள். ‘வெத்தா ஹெர்னே நெனான்’ என்னும் இத்தொடர், மொழி வகுப்பில் கற்பிக்கப்படுவதற்கு முன்பே நம் காதில் விழுந்துவிடும். நான் முதன்முதலில் கேட்டது அலுவலகத்துக் காப்பி அறையில்தான். ஜூலை மாத விடுமுறைப் பட்டியலில் தம் வாரங்கள் மாற்றப்பட்டதைக் கண்டு ஒருவர் பேசாமல் எழுந்து போனார். அவர் தலை மறைந்ததும், எதிரே இருந்தவர் மெல்லிய குரலில் ‘வெத்தி ஹெர்னேன் நெனான்’ என்றார். அன்று வியாழக்கிழமை. வியாழன்தோறும் பட்டாணி சூப்பும் அதன்பின் பன்னுக்காக்கு என்னும் அடுப்பில் சுட்ட அப்பமும் பரிமாறுவது அந்நாட்டு வழக்கமாதலால், அனைவர் முன்னும் பச்சைப் பட்டாணி சூப்பு இருந்தது அக்காட்சிக்குத் தனிச் சுவை கூட்டியது.

பொருளை அப்போதே கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஆனால் நானாகச் சொல்லத் துணிவதற்கு வெகுகாலம் ஆயிற்று. அதற்குக் காரணம் பட்டாணியின் வேற்றுமை உருபு. பெயர்ச்சொல்லோடு உருபை ஒட்டிப் பேசுவது தமிழர்க்குப் புதிதன்று. ‘நெனா’ என்னும் மூக்கு ‘நெனான்’ ஆகி ‘மூக்கிற்குள்’ என்று பொருள் தருவதும், குறில் நெடில் வேறுபாட்டில் பொருள் மாறுவதும் நமக்கு எளிதாகவே பிடிபடுகின்றன. செயப்படுபொருள் மட்டும் வேறு வழியில் நடக்கிறது. செயல் நடந்து முடிந்திருந்தால் ‘ஹெர்னேன்’ என்றும், எதிர்மறையாகவோ ‘செய்யாதே’ என்றோ சொன்னால் ‘ஹெர்னெத்தா’ என்றும் பட்டாணியே உருமாறிவிடும். ‘பட்டாணியை இழுத்தான்’, ‘பட்டாணியை இழுக்காதே’ என்று இரண்டிலும் ‘ஐ’ உருபையே வைத்துப் பழகிய நாக்கிற்கு இது எளிதில் படிவதில்லை. இதற்காக நான் அட்டவணை எதையும் மனப்பாடம் செய்யவில்லை. ‘ஆலா வெதா ஹெர்னெத்தா நெனான்’ என்னும் எதிர்மறைத் தொடரை முழுதாக ஒரு பாட்டு வரியைப் போல வாயில் ஏற்றிக்கொண்டேன். பிற எதிர்மறை வாக்கியங்களும் அதன் தடத்திலேயே சரியாக வரத் தொடங்கின.

நம் ‘மூக்குக்கு மேல் கோபம்’ இதற்கு ஈடாகுமா என்று வகுப்பில் ஒரு தமிழ் மாணவி கேட்டதும் நினைவிருக்கிறது. முழுதாக ஈடாகாது என்பதே என் கருத்து. நம் தொடர் ஒருவருடைய இயல்பைச் சொல்கிறது; ஃபின்னியத் தொடரோ பெரும்பாலும் குறிப்பிட்ட ஒரு நேரத்தில் நடந்ததைச் சொல்கிறது. மிகப் பொறுமையானவரும் என்றேனும் ஒரு நாள் பட்டாணியை இழுத்துக்கொள்ளலாம்.

ஓலுவிலிருந்து மற்றோர் உறுப்பினர்:

மேலே எழுதிய தோழி இலக்கணத்தைத் தெளிவாக விளக்கிவிட்டார். என் அனுபவத்தில் அதைவிடக் கடினமானது, இத்தொடரை யாரிடம் சொல்லலாம் என்பதை அறிவதுதான். அவர் கண்ட நிகழ்விலேயே, சம்பந்தப்பட்டவர் அறையை விட்டுப் போன பிறகுதான் அது சொல்லப்பட்டது என்பதைக் கவனியுங்கள்.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் பொதுச் சவுனா, அதாவது வெப்பக் குளியல் அறை, உண்டு. ஒவ்வொரு வீட்டுக்கும் வாரத்தில் ஒரு முறை ஒதுக்கப்பட்டிருக்கும். குடியிருப்போர் கூட்டத்தில் அம்முறைகளை மாற்றி அமைத்தபோது, வெள்ளிக்கிழமை மாலையை இழந்த முதியவர் ஒருவர் ஆட்சேபித்தார். அதற்கு ஓர் இளைஞர், பட்டாணியை இழுத்துக்கொள்ள வேண்டாம் என்று சிரித்தபடி சொன்னார். சொன்னவர் ஃபின்னியர், இலக்கணத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அறையே இறுகிப்போனது. பல ஆண்டுகளாகத் தமக்கிருந்த நேரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பதாகவும், அதைப் பட்டாணி என்று சொல்வது முறையன்று என்றும் முதியவர் நிதானமாகப் பதில் அளித்தார். உன் குறை அற்பமானது என்னும் தீர்ப்பு இத்தொடரின் உள்ளேயே பொதிந்திருக்கிறது என்பது எனக்கு அன்றுதான் முழுதாக விளங்கியது.

முகத்திற்கு நேரே சொல்லும்போது உறுத்தாத வழியும் உண்டு. எங்கள் பணிக்குழுவின் தலைவி, அறிக்கையில் ஏதேனும் திருத்தம் சொல்வதற்கு முன்னரே ‘ஆலா வெதா தாஸ்தா ஹெர்னெத்தா நெனான், முத்தா’ என்று தொடங்குவார். தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள், ஆனால் என்பது அதன் கருத்து. மனம் புண்பட்ட பின் சொன்னால் அதட்டலாக ஒலிக்கும் அதே சொற்கள், முன்கூட்டியே சொல்லப்படும்போது தணிவாக ஒலிக்கின்றன. நான் பெரும்பாலும் என்னைப் பற்றியே சொல்லிக்கொள்கிறேன். உணவு இடைவேளையில் என் உச்சரிப்பை யாரேனும் கேலி செய்தால், ‘என் வெதா ஹெர்னெத்தா நெனான்’, அதாவது நான் இழுத்துக்கொள்ளவில்லை என்பேன். பேச்சு இலகுவாகிவிடும்.

எஸ்போவிலிருந்து, சுருக்கமாக:

இத்தொடர் பேச்சு வழக்கைச் சேர்ந்தது என்பதை மறந்துவிட வேண்டாம். ஐயம் வந்தால் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஃபின்னிய மொழி அலுவலகத்தின் அகராதியைப் பாருங்கள். சொல் பேச்சு வழக்கிற்குரியதா என்று அதில் சுருக்கக் குறி இருக்கும். குடியுரிமைக்காகப் பலரும் எழுதும் இடைநிலை மொழித் தேர்வில் நண்பருக்கு ஒரு மடல், அலுவல் முறையில் ஒரு மடல் என இரு வகையும் கேட்கப்படுகின்றன. பட்டாணியை முதல் மடலில் தாராளமாக இழுக்கலாம். இரண்டாவதில் ‘லோவுக்காந்துவா’ அல்லது ‘பஹாஸ்துவா’ என்று எழுதுவதே பொருத்தம். இரண்டுமே மனம் புண்படுதலைக் குறிக்கும் பொதுச் சொற்கள். இதே கருத்தில், அலகிற்குள் வாங்கிக்கொள்ளுதல் என்று பொருள்படும் ‘ஒத்தா நொக்கீன்சா’ என்னும் தொடரும் உண்டு. பத்திரிகைகளில் அதுவும் அடிக்கடி வருகிறது. அதில் வேற்றுமை மாறும் பட்டாணி இல்லை என்பதால் நான் அதையே முதலில் பழகினேன்.